என் மேஜைக்கு வந்த என் புகார்

என் அறை கட்டிடத்தின் வாசலிலேயே இருக்கிறது. க்ளீவ்லாந்தில் உள்ள ஹால்வர்சன் அடுப்புக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குள் யார் நுழைந்தாலும் முதலில் வரவேற்பு மேஜைப் பெண்ணைப் பார்ப்பார்கள், அடுத்து என்னைப் பார்ப்பார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி. கதவில் தங்க எழுத்தில் 'லூஷியஸ் பெட்வே, சம வாய்ப்பு அதிகாரி' என்று எழுதியிருக்கும். வாஷிங்டனிலிருந்து சோதனைக்கு வருகிற சர்க்கார் ஆட்களுக்கு என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிடும். மற்றவர்கள் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். அதற்கும் மரியாதையாகப் பதில் சொல்வேன்.

இந்த அறைக்கு வருவதற்கு முன் நான் அடுப்பு விற்றவன். ஓஹாயோ மாநிலம் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். ஹோட்டல், பள்ளிக்கூடம், ராணுவ முகாம் என்று பெரிய சமையலறை எங்கே இருந்தாலும் நான் போய் நிற்பேன். மற்ற விற்பனைக்காரர்கள் படம் போட்ட புத்தகத்தை விரித்துக்கொண்டு கத்துவார்கள். என் கார் டிக்கியில் ஒரு வார்ப்பிரும்புச் சட்டியும் ஒரு பை சோளமாவும் இருக்கும். எங்கள் அடுப்பைப் பற்றவைத்து, அங்கேயே சோள ரொட்டி சுட்டு, வெண்ணெய் தடவித் தலைமைச் சமையல்காரர் கையில் கொடுப்பேன். கறுப்பனிடம் வாங்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நின்றவர்கள்கூட மென்றுகொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நான் விசிலடித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வருவேன் என்று என் மனைவி ஒடெஸா சொல்வாள்.

ராணுவ முகாம்களுக்கு அடுப்பு விற்றதுதான் வினையாகப் போயிற்று. சர்க்கார் கான்ட்ராக்ட் வேண்டுமானால் கறுப்பர்களையும் பெண்களையும் எப்படி வேலைக்கு எடுக்கப்போகிறோம், எப்படி மேலே தூக்கிவிடப் போகிறோம் என்று திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைக் கவனிக்க ஓர் அதிகாரியும் வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. கம்பெனி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினார்கள். டை கட்டிய கறுப்பன் நான் ஒருவன்தான் அகப்பட்டேன்.

பணியாளர் துறைக்குத் துணைத் தலைவர் டொனால்ட் கெஸ்லர். வெள்ளைத் தலைமுடி, சாந்தமான குரல். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. என்னைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்.

"ரெண்டே வருஷம், லூஷியஸ்," என்றார். "நீ இதை நட்டு வச்சிட்டுப் போயிடு. அப்புறம் விற்பனையில பெரிய சீட்டா பார்த்து உன்னை உக்கார வைக்கிறது என் பொறுப்பு."

நம்பினேன். அந்த உத்தியோகத்தின் மேல் ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன்? எங்கள் ஜனங்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று நினைத்தேன். புகார் முறை ஒன்றை நானே உட்கார்ந்து எழுதினேன். யாருக்கு அநியாயம் நடந்தாலும் முதலில் சம வாய்ப்பு அதிகாரியிடம் புகார் தரவேண்டும். வந்த தேதி வரிசைப்படிதான் விசாரணை. எதிராளி துணைத் தலைவராகவே இருந்தாலும் அதிகாரியின் அறைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். தீர்ப்பை அதிகாரிதான் எழுதுவார், வேறு யாருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. கம்பெனித் தலைவரே ஆனாலும் அதில் தலையிடக் கூடாது. இந்தக் கடைசி விதிக்காக கெஸ்லரோடு மல்லுக்கு நின்றேன். அவர் முதலில் முடியாது என்றார், பிறகு வக்கீல்களைக் கேட்டார், பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் ஐந்தாயிற்று. எழுபத்தேழாம் வருஷம் இலையுதிர்காலத்தில், டெட்ராய்ட் வட்டார விற்பனைத் தலைவர் ஓய்வு பெறப்போகிறார் என்று செய்தி வந்தது. நான் பன்னிரண்டு வருஷமாகக் கண் வைத்திருந்த நாற்காலி அது. அன்று சாயங்காலம் கார் கொட்டகையில் அந்த வார்ப்பிரும்புச் சட்டியைத் தேடி எடுத்தேன். துருப்பிடித்துக் கிடந்தது. உப்புப் போட்டுத் தேய்த்து, பன்றிக்கொழுப்பு தடவி, அடுப்பில் காயவைத்தேன். வீடு முழுக்கப் புகை. ஒடெஸா ஜன்னலைத் திறந்துவிட்டாள், திட்டவில்லை.

"டெட்ராய்ட்டா?" என்றாள்.

"டெட்ராய்ட்தான்."

"கிடைக்கட்டும், லூஷ். அஞ்சு வருஷமா நீ வீட்டுக்கு வர்ற மாதிரியே இல்ல. உன் சட்டையும் தொப்பியும்தான் வருது."

மறுநாள் பெரிய அதிகாரிகள் இருக்கிற ஏழாம் மாடிக்குப் போனேன். கெஸ்லர் எழுந்து வந்து கைகொடுத்தார், காப்பி வரவழைத்தார். அவ்வளவு உபசாரம் எதற்கு என்று காப்பியைத் தொடாமலே உட்கார்ந்திருந்தேன்.

"டெட்ராய்ட்டை டன்லெவிக்குக் கொடுத்தாச்சு, லூஷியஸ்."

ஜெரி டன்லெவிக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன் நான். முதல் முதலாகப் போன ஹோட்டலில் எரிவாயுக் குழாயைத் திறக்கத் தெரியாமல் முழித்தவன்.

"எனக்கு ஏன் இல்ல, மிஸ்டர் கெஸ்லர்? நீங்க வாக்குக் கொடுத்தீங்க."

"கொடுத்தேன். ஆனா நீயே யோசிச்சுப் பாரு. நீ கடைசியா அடுப்பு வித்து எத்தனை வருஷம் ஆச்சு? அதுக்கப்புறம் மார்க்கெட்டே மாறிப்போச்சு. அஞ்சு வருஷமா விற்பனைப் பக்கமே தலைவச்சுப் படுக்காதவனை எப்படிப்பா அங்க தலைவர் ஆக்குறது?"

அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் கொடுமை. என்னை விற்பனையிலிருந்து பிடுங்கியதும் அவர்தான், விற்பனை மறந்துபோயிற்று என்று சொல்வதும் அவர்தான். லிஃப்டில் இறங்கும்போது உடம்பெல்லாம் எரிந்தது.

வேறு கம்பெனி பார்க்கலாம் என்று ஒடெஸா சொன்னாள். பார்த்தேன். டெட்ராய்ட்டிலேயே எங்களுக்குப் போட்டிக் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. நான் விற்றதையெல்லாம் சொல்லச் சொல்ல அந்த மேலாளர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்களை மாதிரி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். எங்களுக்கு ஒரு சம வாய்ப்பு அதிகாரி வேணும்." அறையைக்கூடக் காட்டினார். வாசலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

எங்கள் சர்ச்சில் வக்கீல் ஒருத்தி இருந்தாள், வினோனா கெய்தர். கம்பெனிகளைக் கோர்ட்டுக்கு இழுப்பதுதான் அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கீழ்த்தளத்தில் கோழி வறுவலும் கீரையும் பரிமாறிக்கொண்டிருந்த இடத்தில் அவளை ஓரமாக அழைத்துச் சொன்னேன்.

"கேஸ் போடலாம், பிரதர் பெட்வே," என்றாள். "ஆனா ஜட்ஜ் எடுத்த எடுப்புல கேக்கிறது ஒண்ணுதான். கம்பெனிக்குள்ளயே நல்ல புகார் முறை இருக்கே, அதுல போனீங்களான்னு கேப்பார். உங்க கம்பெனியோடது பிரமாதமா இருக்கும். நானே ரெண்டு தடவை அதுல முட்டிக்கிட்டு திரும்பியிருக்கேன். முதல்ல அங்க புகார் கொடுத்துட்டு வாங்க."

"யார்கிட்ட சிஸ்டர் கொடுக்கணும்?"

"அதுக்குன்னு ஒரு அதிகாரி இருப்பாரே, அவர்கிட்ட..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

திங்கட்கிழமை புகார் எழுதினேன். 'லூஷியஸ் பெட்வேயாகிய நான், சம வாய்ப்பு அதிகாரி லூஷியஸ் பெட்வே அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, எழுதி முடித்து, மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினேன். தேதி முத்திரையும் நானே குத்தினேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு புகார் காத்திருந்தது. எனாமல் பட்டறை மோசெல் க்ரம்ப் கொடுத்தது.

மோசெலை எனக்குச் சர்ச்சில் பழக்கம். பாடகர் குழுவில் அவள் குரல்தான் தூண். அடுப்புத் தகடுகளை எனாமல் குழம்பில் முக்கி, உலைக்குள் அனுப்பி எடுக்கிற பட்டறையில் பல வருஷமாக வேலை. ஃபோர்மேன் இடம் காலியானபோது அவளிடமே வேலை பழகின ஒரு வெள்ளைக்காரப் பையனுக்குப் போயிற்று. காரணம் கேட்டதற்கு, மோசெலுக்கு ஆட்களை மேய்த்து அனுபவமில்லை என்று பதில் வந்திருந்தது.

வேலை நேரம் முடிந்து, கையெல்லாம் வெள்ளைத் தூசியோடு என் அறைக்கு வந்தாள். உட்காருவதற்கு முன் நாலு பக்கமும் பார்த்தாள்.

"மீன் தொட்டி மாதிரி இருக்கு, பிரதர். தீனி நேரத்துக்குப் போடுறாங்களா?"

"போடுறாங்க, சிஸ்டர். உக்காருங்க."

"உக்கார வரல. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அனுபவம் இல்லைங்கிறாங்க. அந்த அனுபவத்தை எந்தக் கடையில விக்கிறாங்க? ஃபோர்மேன் ஆனாத்தானே அனுபவம் வரும்? ஆகவிடாம வச்சுக்கிட்டு இல்ல இல்லைன்னா நான் எங்க போறது?"

"எழுதியிருக்கீங்க, பார்த்தேன்."

"நீங்க போன தடவை எங்க பட்டறை எர்லீன் புகாரைத் தள்ளிட்டீங்க. 'வேலை சம்பந்தப்பட்ட காரணம் உண்டு'ன்னு. அந்தக் காகிதத்தை அவ சமையலறைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கா. என்னையும் ஒட்ட வச்சிடாதீங்க."

அவள் போனபின் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயரை மறைத்துவிட்டால் இரண்டும் ஒரே புகார்தான்.

விதிப்படி கெஸ்லரை என் அறைக்கு அழைத்தேன். வந்தார். புகார்தாரர்கள் உட்காருகிற தாழ்ந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். விளையாட்டு அவருக்குப் பிடித்திருந்தது.

"யார் புகார் முதல்ல? அந்த அம்மாவோடதா, உன்னோடதா?"

"அவங்களோடது. தேதிப்படி."

"சரி. அனுபவம் இல்லை. அதான் என் பதில். ரெண்டுக்கும் அதே பதில்தான், உன் நேரம் மிச்சம்."

"அனுபவம் கிடைக்காம தடுத்தது கம்பெனிதானே, மிஸ்டர் கெஸ்லர்?"

அவர் கண்ணாடி வழியாக வாசலைப் பார்த்தார். "அது ஒரு நல்ல கேள்வி," என்றார். "நீதான் தீர்ப்பு எழுதணும். நான் தலையிட முடியாதே." எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் எழுதினேன். இந்த ஐந்து வருஷத்தில் எழுதிய தீர்ப்புகளெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். கம்பெனி தானே பூட்டி வைத்த கதவைக் காட்டி, உனக்கு உள்ளே போய்ப் பழக்கமில்லை என்று சொல்வது காரணம் ஆகாது என்று எழுதினேன். மோசெல் க்ரம்ப்பை ஃபோர்மேன் ஆக்க வேண்டும் என்று முடித்தேன். எழுதும்போது எனக்குள் விசில் வந்துவிட்டது. இந்த நியாயம் நிலைத்துவிட்டால் அடுத்து இருக்கும் என் காகிதமும் தானாக ஜெயித்துவிடும். டெட்ராய்ட்டில் எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம் என்றுகூட ஒடெஸாவும் நானும் பேசிக்கொண்டோம்.

ஏழாம் மாடி சண்டைக்கு வரும் என்று நினைத்தேன். அன்று மத்தியானமே ஒப்புக்கொண்டார்கள். அந்த வெள்ளைக்காரப் பையனை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டு, மோசெலுக்கு ஃபோர்மேன்கள் போடுகிற வெள்ளைக் கோட்டைக் கொடுத்தார்கள். கோட்டுகள் எல்லாம் ஆண்கள் அளவு. கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டுக்கொண்டு அவள் உலை முன்னால் நிற்க, கம்பெனிப் படக்காரர் படம் எடுத்தார். எனக்கும் படம் எடுத்தார்கள். இரண்டு படத்தையும் போட்டு, வழவழ காகிதத்தில் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. சர்க்கார் ஆட்களுக்கு, பத்திரிகைகளுக்கு, மற்றக் கம்பெனிகளுக்கு எல்லாம் அனுப்பினார்கள்.

என் புகாரைக் கையில் எடுத்துக்கொண்டு ஏழாம் மாடிக்குப் போனேன். இந்தத் தடவை லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் ஏறினேன்.

"மோசெலுக்கு ஒத்துக்கிட்ட நியாயம்தான் இதுக்கும்," என்றேன். "டெட்ராய்ட் என்னோடது."

"உக்காரு, லூஷியஸ். மூச்சு வாங்குது உனக்கு." கெஸ்லர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தத் தீர்ப்பு மாதிரி ஒண்ணை நான் படிச்சதே இல்ல. சர்க்கார் ஆள் போன்ல என்ன கேட்டான் தெரியுமா? 'பெட்வே இருக்கப்போறார்ல?'ன்னு கேட்டான். ராணுவக் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கிறதுக்கு அவன் கேட்டது அது ஒண்ணுதான். நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"எனக்குக் கொடுத்த வாக்கு?"

"உனக்கு நான் குறுக்கே நிக்கலையே. உன் புகார் உன் மேஜையிலதான் இருக்கு. எழுதிக்கோ. அதிகாரி தீர்ப்புல எவனும் தலையிடக் கூடாதுன்னு நீதானே விதி போட்டே? நான் மதிக்கிறேன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். குரல் இன்னும் சாந்தமாயிற்று. "ஆனா ஒண்ணு. எல்லாத் தீர்ப்பும் நகல் எடுத்து வாஷிங்டனுக்குப் போகுது. டன்லெவியும் வக்கீல் வைப்பான். அவன் வக்கீல் என்ன சொல்வான்? இந்த ஆள் தனக்கு ஒரு சீட்டு வேணும்னு முதல்ல ஒரு பொம்பளைக்குத் தீர்ப்பு எழுதி வழி பண்ணிக்கிட்டான், அப்புறம் அதே வழியில தானே போனான்னு சொல்வான். அப்ப அந்த அம்மா தீர்ப்பும் நிக்காது. கோட்டைக் கழட்ட வேண்டியதுதான். எனக்கும் வருத்தமாத்தான் இருக்கும்."

"வேற யாராவது என் புகாரை விசாரிக்கட்டும்."

"விதியில இடமில்லையே. மாத்தணும்னா இதுவரைக்கும் வந்த தீர்ப்பு எல்லாத்தையும் வக்கீல்கள் திரும்ப எடுத்துப் பார்க்கணும்பாங்க. வேண்டாம் லூஷியஸ். சம்பளத்தை ஏத்தச் சொல்லியிருக்கேன். 'உதவித் துணைத் தலைவர்'னு கதவுல எழுதப்போறோம்."

"ஏழாம் மாடியிலயா?"

"சே, சே. கீழேதான். எல்லாரும் பார்க்கிற இடத்துல நீ இருக்கணும்."

அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடித்திருந்தால் அதற்கும் ஒரு விதி இருந்திருக்கும், அதையும் நானே எழுதியிருப்பேன். இறங்கி வந்தேன். வீட்டில் ஒடெஸாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை, எனக்குத்தான் அழுகை வந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அவள் அடுப்பின் மேலிருந்த வார்ப்பிரும்புச் சட்டியை எடுத்து, வீட்டுச் சாமான்களோடு மாட்டினாள்.

"விட்டுட்டு வந்துடு லூஷ்," என்றாள். "எது வேணா ஆகட்டும்."

"நான் போயிட்டா அந்த அறையில அவங்க யாரை உக்கார வைப்பாங்க தெரியுமா? விற்பனையில இப்ப சேர்ந்திருக்கிற கறுப்புப் பையன் ஒருத்தன்தான் இருக்கான். நல்லா விக்கிறான். ரெண்டே வருஷம்னு சொல்லி அவனைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போவாங்க."

அப்புறம் வீட்டில் டெட்ராய்ட் பேச்சு எழவில்லை.

அடுத்த வாரம் மோசெல் வந்தாள். வெள்ளைக் கோட்டு, மடித்த கை, கையில் துணி மூடின ஒரு பாத்திரம். பீச் பழம் போட்டுச் சுட்ட பலகாரம், இன்னும் சூடாக இருந்தது. அவளுக்குப் பின்னால் வரவேற்பறையில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எர்லீன் இருந்தாள். பொட்டலம் கட்டும் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள், ஒரு கிழ உலைக்காரர். அந்த அலுவலகத்தின் மெத்தை நாற்காலிகளில் எங்கள் ஆட்கள் இத்தனை பேர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"என் விஷயம் பட்டறை பூராவும் பரவிடுச்சு," என்றாள். "நான்தான் கூட்டிட்டு வந்தேன். எர்லீன் சுவத்துல இருந்த காகிதத்தைக் கிழிச்சுக் கையில கொண்டுவந்திருக்கா. திரும்பப் பார்ப்பீங்கல்ல?"

"பார்க்கிறேன்."

"டெட்ராய்ட் போறதா ஒடெஸா சர்ச்சுல சொன்னா. எப்ப கிளம்பறீங்க?"

"அது இல்லன்னு ஆயிடுச்சு, சிஸ்டர்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அந்தக் கண்களிடம் பொய் சொல்வது கஷ்டம். "என்னோடதாலயா?"

"சே! உங்களோடதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நானே வேண்டாம்னுட்டேன். டெட்ராய்ட் குளிர் எவனுக்கு ஆகும்?"

"க்ளீவ்லாந்துல மட்டும் வெயில் கொளுத்துதாக்கும்," என்றாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. பாத்திரத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, கோட்டின் கையைச் சரியாக மடித்துக்கொண்டு, உலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எர்லீன் எழுந்து நின்றாள். கிழவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் தேதி வரிசைப்படி அடுத்த புகார் எர்லீனுடையது இல்லை. அடுத்தது என்னுடையது. அதை முடிக்காமல் இன்னொன்றை எடுக்க விதி இடம் கொடுக்காது.

எடுத்து என் முன்னால் வைத்தேன். 'புகார்தாரர் தன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்' என்று எழுதினேன். கீழே புகார்தாரர் என்ற இடத்தில் லூஷியஸ் பெட்வே என்று கையெழுத்துப் போட்டேன். அதிகாரி என்ற இடத்திலும் லூஷியஸ் பெட்வே என்று போட்டேன். இரண்டும் அச்சு அசல் ஒன்றாகவே இருந்தன.

எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து, "உள்ள வாங்க, சிஸ்டர்," என்றேன்.